கரையில் நின்றவர்

"கரையில நின்ன ஆளு எப்படிடா தண்ணியில போவாரு?"

அக்கா அருணா இதை என்னிடம் முதலில் கேட்டது ஃபோனில். மச்சானின் உடலோடு நான் ஊருக்கு வந்து இறங்கியபோது இரண்டாம் முறை கேட்டாள். காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் கேட்டாள். அவள் கேட்காத நேரத்தில் மற்றவர்கள் கேட்டார்கள்.

எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிற வருஷங்களில் ஆடு மாடு, பிள்ளைகுட்டி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏற்றுகிற இடம் கண்மாய்க்கரை. அதன் மேல் நின்ற ஒருவர் வெள்ளத்தில் செத்தார் என்று எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மச்சான் சரவணகுமார் கரையில்தான் நின்றார். அதை அவரே தன் வாயால் சொல்லியிருக்கிறார். கடைசியாக அக்காவுக்கு அனுப்பிய குரல்பதிவு அவள் ஃபோனில் இன்னும் இருக்கிறது.

"நான் கரையில பத்திரமா இருக்கேன். ஒந் தம்பிதான் வண்டி மேல மாட்டிக்கிட்டு நிக்கிறான். பயப்படாத, அவன விட்டுட்டு வந்துற மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டாள். "ஒன்னயக் காப்பாத்தத்தானே எறங்குனாரு? எங்கிட்ட எதுக்குடா மறைக்கிற?"

இல்லை என்றேன். நம்பவில்லை.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது துபாயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பாலைவனக் காப்பகத்தில். நான் அதற்கு முன் ஷார்ஜாவில், முவைலாவில், ஒரு கட்டட சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான்தான் பேசி என்னைத் தன் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். பாலைவனம் என்றால் ஒரே மணல் என்று நினைத்துத்தான் போனேன். போய்ப் பார்த்தால் அந்த வேலிக்குள் நாலு ஊர் நிலம் இருந்தது. கிழக்கே செம்மணல் மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக. காற்று அவற்றின் உச்சியை எந்நேரமும் சீவிக்கொண்டிருக்கும். நடுவில் சரளைக்கல் பரந்த வெளி. பிக்கப் அதில் போகும்போது பல் கிட்டித்துக்கொள்ளும். அந்த வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காஃப் மரங்கள். காஃப் என்று அவர்கள் சொல்வது நம்முடைய வன்னி மரம்தான். தெற்கே சப்கா என்கிற உப்புத்தரை. பார்க்க வெள்ளைச் சிமெண்டுத் தளம் போல இருக்கும். கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கி, அடியில் சேறு. வடக்கு மூலையில் ஒரு கல் குன்று.

ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான்கள் அங்கே நிறைய. மான் என்கிறோமே தவிர, ஒரு கிடாரி அளவு இருக்கும். முகத்தில் கறுப்புப் பட்டை, தலையில் இரண்டு ஈட்டி. மணல் நிறத்தில் சின்னச் சின்ன ரீம் மான்கள் உண்டு. காது பெருத்த நரி உண்டு. வெயில் ஏறினால் வளையிலிருந்து வெளியே வந்து படுத்துக்கொள்ளும் முள்வால் பல்லிகள் உண்டு, உடும்பில் பாதி இருக்கும். இவற்றுக்குத் தொட்டியில் தண்ணீர் விடுவது, குதிரைமசால் கட்டுகளைப் பிரித்துப் போடுவது, வேலியில் மணல் ஏறினால் அள்ளுவது, வலை கிழிந்தால் தைப்பது எங்கள் டியூட்டி. வேலி மிருகங்களுக்காகப் போட்டதுதான். ஆனால் எங்கள் கேம்ப்பும் அதற்குள்ளேதான் இருந்தது. மாலையில் கேட்டைப் பூட்டிவிட்டால் நாங்களும் உள்ளேதான். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வண்டி வைத்து பர் துபாய்க்குக் கூட்டிப் போவார்கள். கோயிலைப் பார்த்து, மீனா பஜாரில் சுற்றிவிட்டுத் திரும்புவோம்.

"அதுகளுக்காச்சும் வாரம் ஒருக்கா டாக்டர் வாரான் மாப்ள" என்பார் மச்சான். "நமக்குக் காச்ச வந்தா ரெண்டு பனடாலு. அதையும் தண்ணியில்லாம முழுங்கணும்."

மேற்கு வேலி ஓரத்தில் புல்டோசர் விட்டு மணலை வாரி, ஆள் உயரத்துக்கு நீளமாக மேடு போட்டது அந்தப் பெரிய மழைக்கு முந்தின வருஷம். விடுமுறை நாளில் கார் ஓட்ட வருகிறவர்கள் வேலியை இடிக்காமல் இருக்க, காற்றில் வரும் மணலைத் தடுக்க. மச்சான் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பாத்தியா மாப்ள, கரையப் போட்டுட்டாய்ங்க. இனி தண்ணி வந்து நிக்கிறதுதான் பாக்கி."

அன்றிலிருந்து அது எங்களுக்குக் கரை. கீழக்கரைக்காரரான எங்கள் ஃபோர்மேன் மீரா சாகிப்கூட, "அந்தக் கரை பக்கம் ரெண்டு கட்டு போட்டுட்டு வாங்கப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். டீ நேரத்தில் அதன் மேல் ஏறி உட்காருவோம். உயரத்தில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்து டீ குடிப்பது எங்கள் இருவருக்கும் உடம்பில் இருந்த பழக்கம்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஏப்ரலில் அந்த நாட்டில் பெய்த மழையைப் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். விமான நிலையத்தில் தண்ணீர் நின்ற படம் வந்தது. நாங்கள் இருந்த இடத்தின் படம் எதிலும் வரவில்லை.

முந்தின நாளே வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரூமில் படுத்திருந்தோம். விடிந்த பிறகும் வானம் இருட்டாகவே இருந்தது. மீரா சாகிப் கதவைத் தட்டினார்.

"சரவணா, கரை ஓரத்துப் பட்டியில ஓரிக்ஸ் எல்லாம் தாயும் குட்டியுமா அடைச்சுக் கெடக்கு. டாக்டர் பாக்கணும்னு நாமதானே அடைச்சோம். சும்மா இருந்தா அதுல நின்னே சாகும். ரெண்டு பக்கமும் தொறந்து விட்டுட்டு ஓடி வந்துருங்க. யல்லா."

"நான் போறேன் பாய்" என்றார் மச்சான். "மாப்ள, நீ படு."

"ரெண்டு கேட்ட ஒத்த ஆளு தொறப்பீங்களாக்கும்" என்று நானும் எழுந்தேன்.

சரளை வெளியில் பாதி தூரம் போவதற்குள் தண்ணீர் வந்தது. வெள்ளம் என்றால் சத்தத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன். இது தரையில் விரித்த பழுப்புத் துணியைப் போல சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது. முன்னால் நுரை. நுரையில் மான் புழுக்கை, காய்ந்த புல், கறுப்பு வண்டுகள். முள்வால் பல்லிகள் வளைகளிலிருந்து தலையை நீட்டி, ஏறி ஓட ஒரு கல் தேடின. பட்டிக்குப் பக்கத்தில் போனபோது பிக்கப் இருமிவிட்டு நின்றுபோனது. இறங்கினோம். முழங்கால் தண்ணீர்.

மச்சான் கரைப் பக்கத்துக் கேட்டுக்குப் போனார். நான் இந்தப் பக்கத்துக் கேட்டைத் திறந்தேன். மான்கள் என்னை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்து கிழக்கே மணல் மேடுகளைப் பார்த்து ஓடின. ஒன்று மட்டும் போகவில்லை. அதன் குட்டி பிறந்து சில நாள்தான் இருக்கும், நிற்கவே தடுமாறியது. தாய் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பட்டிக்கும் கரைக்கும் இடையில் நின்றது.

அதற்குள் மச்சான் கரையில் ஏறிவிட்டார். "மாப்ள! இங்கிட்டு வா! கரைக்கு வந்துரு!"

கிழக்கு மேடுகள் தூரத்தில். கரை கூப்பிடு தூரத்தில். எனக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. கரையைப் பார்த்து நடந்தேன். அந்தத் தாய் தலையைத் தாழ்த்தியது. இரண்டு ஈட்டியும் என் வயிற்றுக்கு நேரே வந்தன. இடது பக்கம் ஒதுங்கினேன், அதுவும் ஒதுங்கியது. வலது பக்கம் போனேன், அங்கேயும் வந்தது. குட்டியைப் பிடிக்க வருகிறேன் என்று நினைத்திருக்கும். "போ சனியனே, ஒன்னயத் தொறந்து விட வந்தவன்டா நான்" என்று கத்தினேன். நகரவில்லை.

"என்னடா மாட்டுக்குப் பயந்துக்கிட்டு நிக்கிற? சல்லிக்கட்டுக்குப் போறேன்னு வீட்டுல சண்ட போட்ட பயதானே நீ?"

"சல்லிக்கட்டு மாட்டுக்கு இம்புட்டு நீளத்துக்கா மச்சான் கொம்பு இருக்கு?"

அவர் சிரித்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. வேறு வழியில்லாமல் பின்னால் வந்து பிக்கப்பின் கேபின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

மேலேயிருந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. சரளை வெளியைக் காணோம். சப்காவைக் காணோம். நான் இரண்டு வருஷம் வண்டி ஓட்டிய பாதை எதுவும் இல்லை. செம்மணல் மேடுகள் மட்டும் தீவுகளாக நின்றன. ஒரு மேட்டில் ரீம் மான்கள் வரிசையாக நின்றன, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல. அவற்றின் நடுவே ஒரு நரி. அவை நரியைப் பார்க்கவில்லை, நரியும் அவற்றைப் பார்க்கவில்லை. ஒரு காஃப் மரம் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அதன் கிளையில் ஒரு பெரிய ஆந்தை நனைந்து, பாதி உடம்பாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. வேலி எல்லாப் பக்கமும் இருந்தது. வந்த தண்ணீர் மேற்கே போக முடியாமல் கரையில் முட்டி நின்றது. மச்சான் சொன்னபடியே கண்மாய் ஆகிவிட்டது.

அவர் கரை மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். காலால் மிதித்துப் பார்த்தார். "நல்லா கெட்டியா இருக்குடா. மழையில இறுகிருச்சு" என்றார். பிறகு ஃபோன் எடுத்து மீரா சாகிப்பிடம் பேசியது எனக்கு இங்கே கேட்டது. காற்றில் பேசுவதால் கத்தித்தான் பேசினார்.

"பாய், மாப்ள வண்டி மேல இருக்கான். வண்டி ஆடுது. அவன மொதல்ல பாருங்க. எனக்கென்ன, நான் கரையில இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அந்தக் குரல்பதிவு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பேசினார். பேசிவிட்டு ஃபோனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கம் கையை ஆட்டினார்.

எங்கள் இருவரில் ஆபத்தில் இருந்தது நான் என்றுதான் இருவரும் நினைத்தோம். தண்ணீர் பானெட்டுக்கு மேல் வந்துவிட்டது. வண்டி அடியில் சரளை உருளும் அதிர்வு உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் வேலிக்கம்பியும் முள்ளும் மிதந்தன. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. நான் பேச்சை நிறுத்தினாலும் மச்சான் விடவில்லை.

"மாப்ள, ஊருக்குப் போனா மொத வேலையா என்ன பண்ணுவ?"

"மொதல்ல துணிய மாத்துவேன்."

"கல்யாணம் பண்ணுவேன்னு சொல்லுடா. ஒங்கக்கா பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா. போட்டோ என் ஃபோன்லதான் இருக்கு. எறங்கி வந்தா காட்டுறேன்."

"எப்படி எறங்க? ஒங்க சொந்தக்காரி கொம்ப நீட்டிக்கிட்டு நிக்கிறாளே."

அந்தத் தாய் மான் அப்போதும் அங்கேயே, கொஞ்சம் மேடான தரையில் நின்றது. குட்டியின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, தாயின் கழுத்தில் சாய்ந்து.

கரையின் அடியை முதலில் கவனித்தது நான்தான். தண்ணீர் தொடுகிற இடத்தில் மணல் கறுத்திருந்தது. அதில் ஒரு துண்டு, கேப்பைக் களியைக் கரண்டியால் எடுத்தது போல, வழுக்கி உள்ளே போனது. பிறகு இன்னொன்று. கரைக்கு அப்பால் வேலித்தூண் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது.

"மச்சான்! அடியில மண்ணு போகுது!"

குனிந்து பார்த்தார். "அது மேல்மண்ணுடா. உள்ள கெட்டியாத்தான் இருக்கும்."

எங்கள் ஊர்க் கரையில் உள்ளே கெட்டியாகத்தான் இருக்கும். களிமண்ணைக் கொட்டி, மிதித்து, மறுபடி கொட்டி, எத்தனையோ தலைமுறை ஆட்களும் மாடுகளும் நடந்து இறுகியது. ஒரு கோடை முழுக்க வெட்டினாலும் கடப்பாரை தெறிக்கும். மச்சான் அந்த மண்ணை நினைத்துக்கொண்டு இந்த மணலில் நின்றார். நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். அவர் சொன்னதும் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கரை உடையவில்லை. உட்கார்ந்தது. சத்தமே இல்லை. மச்சான் நின்றபடியே முழங்கால் வரை இறங்கினார். இடுப்பு வரை இறங்கினார். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்தவர் போல. பிறகு அத்தனை தண்ணீரும் கரை உட்கார்ந்த அந்த ஓட்டை வழியாகத் திரும்பியது. வேலி வலை புரண்டு அவர் மேல் மூடியது.

பிக்கப் ஒரு சுற்றுச் சுற்றி, பட்டியின் இரும்புத் தூண்களில் மாட்டி நின்றது. நான் கேபின் கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பானெட் தெரிந்தது. டயர் தெரிந்தது. கரை போனதால்தான் வெளி வடிந்தது. அந்தத் தாய் மான் குட்டியை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு, சேற்றில் கிழக்கே போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

மீரா சாகிப் மண் அள்ளுகிற ஷவல் வண்டியில் வந்து சேர்ந்தபோது என்னைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், நீ இருக்க" என்றார். பிறகு கரை இருந்த இடத்தைப் பார்த்தார். "சரவணன் கரையில இருக்கேன்னு சொன்னானேப்பா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வலையை அறுத்தார்.

நான் ஊருக்கு வந்தபோது முக்குரோட்டில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். மச்சான் கல்யாணத்தில் எடுத்த படம். கீழே, 'மைத்துனன் உயிர் காக்கத் தன்னுயிர் தந்த தியாகச் செம்மல்.' மச்சான் இருந்திருந்தால் இதைப் படித்து ஒரு வாரம் சிரித்திருப்பார். நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுபோகும். ஒருவர் எழுந்து இடம் விடுவார், இன்னொருவர் என் முகத்தைப் பார்ப்பார், இவனுக்காகவா என்பது போல. அக்கா எனக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அந்த வீட்டில் எனக்கு இருக்கவும் முடியவில்லை. லீவு முடிகிறவரை போகவும் முடியவில்லை. அந்தக் கேபின் மேல் உட்கார்ந்திருந்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு மச்சானின் அட்டைப்பெட்டி வந்தது. மீரா சாகிப் யாரோ ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். சட்டைகள், கைலி, பாதி தீர்ந்த தைல பாட்டில், ஒரு ஜோடி டியூட்டி ஷூ. மழைக்கு முந்தின நாள் வரை போட்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஷூவைக் கவிழ்த்தபோது தரையில் மணல் கொட்டியது. செம்மணல், மாவு மாதிரி. மற்றதிலும் இருந்தது. நாங்கள் எத்தனை தட்டினாலும் ஷூவிலிருந்து அது தீராது.

அக்கா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள்.

"இதா அந்த ஊரு மண்ணு?"

"இதான்."

விரலிடுக்கில் எல்லாம் வழிந்துவிட்டது. இன்னொரு பிடி அள்ளினாள். அதுவும் நிற்கவில்லை.

"இதுலயாடா கரை போட்டாய்ங்க?"

நான் எழுந்து உள்ளே போனேன். எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வந்தேன். மணலைக் கூட்டி அள்ளி அதன் குறுக்கே, விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு போல வைத்தேன். தண்ணீரைக் கையில் எடுத்துத் தெளித்தேன். மணல் இறுகியது.

அக்கா விரலால் அமுக்கிப் பார்த்தாள். "நிக்குதே" என்றாள். பழைய கோபம் அந்தக் குரலில் வந்தது. "கெட்டியாத்தானே இருக்கு?"

"கெட்டியாத்தான் இருந்துச்சுக்கா. அதான் நம்புனாரு."

சொம்பிலிருந்து ஒரு பக்கமாகத் தண்ணீர் ஊற்றினேன். வரப்பு தாங்கி நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அடி கறுத்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு வழுக்கியது. அக்கா கையை நீட்டினாள், பிடிக்கிற மாதிரி. அதற்குள் வரப்பு நடுவில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் தாம்பாளம் முழுக்கப் பரவியது.

அக்கா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எறங்கல."

"இல்லக்கா."

"நின்ன எடத்துலயே நின்னாரு."

"ஆமாக்கா. எங்கூடப் பேசிக்கிட்டே நின்னாரு. நீ எனக்குப் பொண்ணு பாத்திருக்கன்னு சொன்னாரு."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. அவளுடைய தம்பிக்காக அவளுடைய புருஷன் செத்தார் என்ற ஒன்றை வைத்துத்தான் அவள் இத்தனை நாள் எழுந்து நடமாடியிருக்கிறாள். அதை நான் சொம்புத் தண்ணீரில் கரைத்துவிட்டேன். என் மேல் போட்ட பழியை விட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. ஆனால் அவள் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

தாம்பாளத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். ஈர மணலை விரலால் வழித்து, ஒரு பொட்டு விடாமல், மறுபடி அந்த ஷூவுக்குள்ளேயே போட்டாள்.

"தம்பி" என்றாள். செத்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இத வேற யாருக்கும் செஞ்சு காட்டாத."

"சரிக்கா" என்றேன்.

கிளம்பிய அன்று பஸ் முக்குரோட்டில் திரும்பியபோது பேனர் ஒரு பக்கம் கயிறு அறுந்து தொங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய் அதை இழுத்துக் கட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.